கஞ்சி போகாத சேலை

காலை நாலே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வரும். நான் எழுந்து இரண்டு குடமும் ஓர் அண்டாவும் பிடித்து வைப்பேன். ஐந்து மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும். மாமியார் முக்காடு போட்டுக்கொண்டு முதல் பூசைக்குப் போவார். என் மனைவி அமலராணி அடுப்பை மூட்டுவாள். கரி ஈரமாக இருந்தால் இருமுவாள். நான் கூடத்து ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொள்வேன். காபி வரும். ஏழு மணிக்குச் சோற்று டப்பாவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்புவேன். எனக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை.

இப்போதும் நாலே முக்காலுக்குத்தான் தண்ணீர் வருகிறது. ஒரு குடம் போதும்.

நான் சொல்ல வந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் நடந்தது. எங்கள் வீடு பாலக்கரையில், கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில். அமலாவுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு. முதல் குழந்தை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது ஏழு வாரம். மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று அவள் அம்மா வியாகுலம்மாள் பொங்கல் கழிந்ததுமே வந்து உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் பெரியம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. அதைப்பற்றிக் கூச்சமே கிடையாது. "சாமி என் மூஞ்சியில கோலம் போட்டுட்டு விட்டுட்டுப் போயிட்டாரு" என்பார்.

குழந்தைக்குப் போர்வை தைப்பது மாசியிலேயே ஆரம்பித்தது. மெஷின் மிதிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் எல்லாம் கைத்தையல். என் பழைய வேட்டி இரண்டு, மாமியாரின் வெள்ளைச் சேலை ஒன்று, அமலாவின் சேலைகள் மூன்று. எல்லாவற்றையும் வண்ணான் வெள்ளாவி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல் போட்டாள். தினம் மூன்று வரி, நான்கு வரி. ஒரு மாதத்தில் நடுப்பகுதி முடிந்தது. ஓரம் மட்டும் பிசிறாக நின்றது. அதற்குப் பட்டி கட்ட வேண்டும்.

"பெரிய கடை வீதியில அரை கெஜம் சாட்டின் வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கடைத்துணியா? உங்க காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க மாப்பிள்ளை. பிள்ளை தங்காத வீட்டுல ஓரத்துக்குக் கடைத்துணி வைக்கக் கூடாது. பெத்ததுல ஒண்ணுகூடத் தவறாத பொம்பளை உடம்புலேர்ந்து இறங்கின துணி வேணும். கேட்டு வாங்கணும். அப்படியே கொண்டாரணும். துவைச்சா அந்த ராசி தண்ணியோட போயிடும்."

"உள்ள வச்சுத் தைச்சதெல்லாம் துவைச்சதுதானே?"

"உள்ள இருக்கிறது எதுவா இருந்தா என்ன? பிடிச்சு நிறுத்துறது ஓரந்தானே."

அமலா சிரித்தாள். ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, "சரிம்மா, நம்ம தெருவுல யாரு? சொல்லு பார்ப்போம்" என்றாள்.

மாமியார் கீரைக்காம்பை வைத்து எண்ணினார். "வாத்தியார் சவரிநாதன் வீட்டுல ஏழு. ரெண்டாவது கிணத்துல போச்சு. பட்டறை அமிர்தசாமி பெண்சாதிக்கு அஞ்சு. அஞ்சும் இருக்கு, ஆனா கடைசி கால் சூம்பினது. எதுக்கு வம்பு. ரோசரிக்கு ஆறு..."

"ரோசரிக்கு அஞ்சும்மா."

"உனக்குத் தெரிஞ்சது அஞ்சு" என்றார் மாமியார்.

அப்படி ஒவ்வொரு வீடாகப் போனார். பாலக்கரையில் ஒரு வீடு மிஞ்சவில்லை. கீரைக்காம்பு கூடையில் குவிந்துகொண்டே போனது. அமலா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் வயிற்றின்மேல் கை வைத்திருப்பதைப் பார்த்துத்தான் நான் மருதையைப் பற்றிச் சொன்னேன்.

மருதைக்கு ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் ரோட்டில் குத்தகைக்கு வாழைத்தோட்டம். தினம் பகல் இரண்டு மணிக்கு இலைக்கட்டு கொண்டுவந்து மெட்ராஸுக்குப் போடுவான். ரசீது எழுதும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். மறுநாள் அவனிடம் கேட்டேன்.

"எத்தனை பிள்ளைங்க மருதை உனக்கு?"

"எட்டு சார். ஏன், சர்க்கார்லேர்ந்து ஏதாச்சும் குடுக்கிறாங்களா?"

"எட்டும் நல்லா இருக்கா?"

"எட்டும் என் தட்டுலதான் சார் கை வைக்குது. ஒண்ணாச்சும் அதுங்க ஆத்தா தட்டுக்குப் போவுமான்னு பாக்கிறேன். போவல."

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார். நான் சந்தைக்குப் போயிருப்பேன், என் பொஞ்சாதி பொன்னுத்தாய்கிட்ட சொல்லி வைக்கிறேன். பிலோமின் சாருக்கு இல்லாத துணியா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சைக்கிளில் கிளம்பினேன். கோயிலில் பீடத்துக்கு ஊதாத் துணி போட்டிருந்தார்கள். வெயில் எட்டு மணிக்கே சுட்டது. காவேரியில் மணல்தான். நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். பாலத்தின்மேல் மஞ்சள் சேலைக்காரர்கள் வேப்பிலையும் பூத்தட்டுமாகச் சமயபுரத்துக்கு நடந்துபோனார்கள். நான் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி மேற்கே திரும்பினேன்.

பொன்னுத்தாய் வாசலில் வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. எட்டுப் பெற்ற உடம்பு என்று சொல்ல முடியாது.

"வாங்க சார். வெள்ளைச் சட்டையைப் பாத்துட்டு ஊசிக்காரரோன்னு பயந்துட்டேன். உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? எங்க வீட்டுல நீங்க குடிப்பீங்கதானே?"

குடித்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"அவுக சொன்னாக. என் வயித்துக்கு இம்புட்டு மரியாதையான்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்த வயித்தை வையாத நாளில்லை நான். பழசெல்லாம் கிழிச்சு நார்க்கட்டு சுத்தியாச்சு சார். ஒருதரம் கட்டினது ஒண்ணு இருக்கு, ஆகுமா?"

"புதுசைக் கொடுத்துட்டா உங்களுக்கு?"

"நல்ல காரியத்துக்குக் கேக்கறீங்க. துறையூர்ல எங்க அக்கா மவளுக்குக் காது குத்தினாங்க. அதுக்கு எடுத்தது. கஞ்சி வெறைப்புக்கூடப் போவல. வாங்க, காட்டுறேன்."

உள்ளே இருட்டு. சாணி மெழுகிய தரை குளிர்ச்சியாக இருந்தது. சுவரோரம் ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது. ஒன்பது வயது இருக்கலாம். நீலக்கட்டம் போட்ட சேலையைக் கழுத்துவரை போர்த்திச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"ஏ ரெங்கம்மா, சார் வந்திருக்காங்க பாரு. துறையூர்லேர்ந்து வந்ததுலேர்ந்து காய்ச்சல் சார். ரெண்டு நாளா முதுகு வலிங்குது. வெயில்ல ஆடின ஆட்டம். ராத்திரி குளிருதுன்னா. கைக்குக் கெடைச்சதைப் போர்த்திவிட்டேன்."

சொல்லிக்கொண்டே சேலையை உருவினாள். குழந்தை காலை மடக்கிச் சுருண்டுகொண்டது.

"வாய் எரியுதும்மா" என்றது.

"அன்னாசிப்பழத்தை அப்படித் தின்னா எரியத்தான் செய்யும்." பொன்னுத்தாய் ஒரு கோணியை எடுத்துப் போர்த்தினாள். சேலையை உதறி மடித்தாள். படபடவென்று சத்தம் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்க சார். வாய்க்கால்ல அலசிப் போட்டேன்னா நீங்க இன்னொரு மோர் குடிக்கிறதுக்குள்ள காஞ்சுரும்."

"வேண்டாம். அப்படியே கொடுங்க. துவைக்கக் கூடாதாம்."

"அப்படியா? சரி."

அவள் இரண்டு கையாலும் கொடுத்தாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். கேரியரில் வைத்துக் கட்டினேன். ஒரு சீப்பு பூவன் பழமும் கொடுத்தாள்.

"பிள்ளை பொறந்ததும் சொல்லி அனுப்புங்க சார். நான் வந்து பாக்கணும்."

அன்று சாயங்காலமே அமலா வெட்ட உட்கார்ந்தாள். சேலையைத் தரையில் விரித்தாள். தலைப்பு மூலையை எடுத்து எதிர்க்கரையோடு சேர்த்து மடித்தாள். சேலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மடிப்பு விழுந்தது. அதை நகத்தால் அழுத்திக் கொண்டுபோனாள்.

"நேரா வெட்டினா என்ன?" என்றேன்.

"நேரா வெட்டினா வளையாதுங்க. போர்வைக்கு மூலையைக் கூரா விடப் போறதில்லை, உருட்டப் போறேன். முகத்துல குத்தக் கூடாதில்ல? உருட்டுக்குக் கோணல் வெட்டுதான் படியும்." கத்தரியை ஓட்டினாள். மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டை விழுந்தது. அதன் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் காட்டினாள். "பாத்தீங்களா, எப்படி நிக்குது! துவைச்ச துணியா இருந்தா ரப்பர் மாதிரி நீண்டுடும். தைக்கத் தைக்கச் சுருங்கும். அம்மாவுக்கு ராசி, எனக்குக் கஞ்சி. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு."

"கான்வென்ட்ல கத்துக்கிட்ட கொழுப்பு" என்றார் மாமியார். "ராசி இல்லாமதான் கஞ்சி நிக்குதா?"

"அந்தப் பிள்ளைக்கு என்ன காய்ச்சலாம்?" என்று அமலா என்னைக் கேட்டாள். வந்ததுமே எல்லாம் சொல்லியிருந்தேன்.

"வெயில்ல ஆடினதாம்" என்றேன்.

"பாவம். போர்த்தியிருந்ததை உருவியா குடுத்தாங்க? நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல."

பட்டைகளின் முனைகளைச் சாய்வாகவே ஒன்றோடொன்று இணைத்தாள். நீளமாக ஒரே பட்டி ஆனது. அதன் இரு ஓரங்களையும் கால் அங்குலம் உள்ளே மடிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி இல்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் துணியின் ஓரத்தை ஈரமாக்கி, மடித்து, நகத்தால் தேய்த்தாள். மறுபடி நாக்கு, மறுபடி துணி. பட்டி முழுக்க அப்படியே போனாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைக்காத நேரத்தில் பட்டியின் நுனியை உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் மூலையைச் சரிசெய்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் பார்த்தேன். அன்றைக்கு அது வெறும் தையல்.

மிச்சம் நாலு கெஜத்துக்கு மேல் இருந்தது. அதை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தாள்.

வியாழக்கிழமை இலைக்கட்டு வந்தது. மருதை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிச்சமுத்து வந்தான்.

"மருதை எங்கே?"

"வர மாட்டான் சார், கொஞ்ச நாளைக்கு. வீட்டுல வேப்பிலை கட்டியிருக்கு."

"யாருக்கு?"

"ஆறாவது பொண்ணுக்கு. ரெங்கம்மாளுக்கு. செவ்வாய்க்கிழமை முகத்துல கண்டது, இன்னிக்கு உள்ளங்காலு வரைக்கும் எறங்கிடுச்சு. பெரிசுதான் சார், தண்ணி முத்து இல்லை. துறையூர் வீட்டுலயும் ரெண்டுக்காம். காது குத்தப் போன எடத்துல வாங்கிட்டு வந்திருக்குதுங்க." குரலைத் தாழ்த்தினான். "நீங்க வேதக்காரங்க, உங்களுக்குத் தெரியாது. நாங்கன்னா அந்த வீட்டுலேர்ந்து ஒரு துரும்பு எடுக்க மாட்டோம், குடுக்கவும் மாட்டாங்க. இலைகூட அவன் தோட்டத்துது இல்லை சார், என்னுது. ரசீதுல பேரை மாத்திடுங்க."

மாற்றினேன். வெளியே போய்க் குழாயில் கை கழுவினேன். முழங்கைவரை கழுவினேன். நாலு நாளைக்கு முன்னால் வாங்கிய துணிக்கு இன்று கை கழுவுகிறேன் என்பது தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு ரயில்வேயில் சேர்ந்தபோது அம்மை குத்தியிருந்தார்கள். மாமியாருக்குத் தழும்பே காவல். அமலாவுக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சந்து திரும்பும்போதே மாமியார் குரல் கேட்டது. அமலா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டாவது பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் பட்டியை வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பிப் பொடித்தையலாகப் பிடித்துக்கொண்டு போனாள். உருட்டிய மூலை ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இந்த மூலையை ரெண்டு தரம் பிரிச்சேன். இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"எப்பவும் அதுதான். கொஞ்சம் குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

குனிந்தேன்.

"அமலா, இதைத் துவைச்சிட்டுத் தைச்சா என்ன?"

"பாதி தைச்சதுக்கப்புறமா? சுருங்கிக் கோணிக்கும். முழுக்க முடிச்சிட்டு வெந்நீர்ல முக்குவேன். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

"நாத்தம் அடிக்குதே."

"உங்க பார்சல் ஆபீஸ் கருவாட்டு மூட்டையைவிடவா?" மாமியார் சமையலறையிலிருந்து சிரித்தார். அமலா ஊசியில் நூல் கோத்தாள். நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கினாள். "மருதை வந்தாரா? அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சாமா?"

சொல்வதற்கு அதுதான் நேரம்.

நான் பௌதிகம் படித்தவன். கணக்குப் போட்டேன். துணியைத் தொட்டு நாலு நாள் ஆகிவிட்டது. வர வேண்டுமென்றால் வந்திருக்கும். வராதென்றால் சொல்லி என்ன பயன்? அவளுக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இரண்டாவது குழந்தை இறந்த மாதத்தில் அவள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"விட்டுடுச்சாம்" என்றேன்.

"நல்ல வேளை. அந்த மிச்சத் துணியில அதுக்கு ஒரு பாவாடை தைச்சுக் குடுக்கணும். போர்த்தினதை உருவிட்டு வந்திருக்கோம்."

சனிக்கிழமை எனக்கு வாரவிடுப்பு. காலை பத்து மணிக்கு முனிசிபாலிட்டி அம்மைகுத்தி வந்தார். வீரமலை என்று பெயர். தோளில் தோல்பை, கையில் நோட்டு. தெருவில் பாதிக் கதவு சாத்திவிட்டது.

"மேலூர்ப் பக்கம் அம்மை கண்டிருக்கு சார். ஊர் முழுக்கக் குத்தச் சொல்லி உத்தரவு. வீட்டுல எத்தனை பேர்?"

மாமியார் வாசலுக்கு வந்தார். முகத்தைக் காட்டினார். "எனக்கு எங்க குத்தப் போறீங்க? எடம் இருக்கா பாருங்க."

வீரமலை சிரித்துவிட்டார். "உங்களுக்கு வேணாம் பாட்டி. உள்ள ஒரு அம்மா இருக்காங்களே, அவங்களுக்கு?"

"ஏழு மாசம். கிட்ட வந்தீங்கன்னா கையை ஒடிப்பேன். குத்தினா மூணு நாள் காய்ச்சல் வரும். அந்தச் சூடு வயித்துல இறங்காதா?"

"சின்ன வயசுல குத்தியிருக்கா?"

"எதுக்கு? ஊருக்கு ஊசிக்காரன் வந்தப்ப இவளை நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சேன். அதுக்குள்ளயே தூங்கிட்டா, சாயங்காலம் வரைக்கும் ஊரே தேடிச்சு." அதைச் சொல்லும்போது மாமியாருக்குப் பெருமை.

வீரமலை என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. சொல்லுங்க சார். சாதாரணமா வாயும் வயிறுமா இருக்கிறவங்களை நாங்க வற்புறுத்துறதில்லை. ஆனா அம்மை வீட்டோட போக்குவரத்து இருந்துச்சுன்னா கட்டாயம் குத்திக்கணும். தொட்டு ஒரு வாரத்துக்குள்ளன்னா இன்னமும் பலிக்கும். அப்படி ஏதாவது இருக்கா?"

ஞாயிறிலிருந்து சனி, ஆறு நாள். அமலா ஜன்னலருகே உட்கார்ந்து மூன்றாவது பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டியின் நுனி உதட்டில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் 'ஆம்' என்றால், எந்த வீடு என்று கேட்பார். வியாழக்கிழமை நான் சொன்ன பொய் வெளியே வரும். அவள் கையில் இருக்கும் துணி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அப்படி ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. காலை நாலே முக்காலுக்குத் தண்ணீர் பிடித்தேன். காபி குடித்தேன். தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். புதன்கிழமை பிச்சமுத்து இலைக்கட்டை இறக்கிவிட்டு, "மருதை பொண்ணு போயிடுச்சு சார், நேத்து" என்றான். நான் ரசீது எழுதினேன். கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டதால் இரண்டாம் தடவை எழுத வேண்டியிருந்தது.

அமலா மூன்றாவது பக்கத்தை முடித்துவிட்டாள். பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கியது. அன்று ஊசி தொடக் கூடாது, ஆண்டவர் காயத்தில் குத்தியதாகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "அதுக்குள்ள நாலாவதையும் முடிச்சிடுவேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு வெந்நீர்ல முக்கிக் காயப்போட்டுடலாம்" என்றாள்.

குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து ஓலை வாங்கிக்கொண்டு வரும்போது முதுகு வலிக்கிறது என்றாள்.

"ஏழு மாசத்துக்கு வலிக்கத்தான் செய்யும்" என்றார் மாமியார்.

அன்று மத்தியானம் பருப்பும் மாங்காயும் போட்டுக் குழம்பு. அமலா இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"வாய் எரியுதும்மா" என்றாள்.

மாமியார் குழம்பில் காரம் அதிகமா என்று நாக்கில் விட்டுப் பார்த்தார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் உடம்பு சிவந்தது. முத்து எழும்பவில்லை. தோலுக்கு அடியில் கறுப்பாகத் திட்டுத்திட்டாக நின்றது. மாமியார் அதைப் பார்த்தும் முதலில் நம்பவில்லை. "எனக்கு இப்படி இல்லையே, எனக்கு முத்து முத்தால்ல வந்துச்சு, இது சூட்டுக் கொப்புளம்" என்றார். பிறகு தன் முகத்தைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியிலிருந்தும் வந்திருக்கலாம், கோயில் கூட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம், யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கர்ப்பிணிக்கு வந்தால் இப்படித்தான் உள்ளேயே கறுக்கும் என்றார். ஊசி போட்டிருந்தால் என்று நான் கேட்டேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார்.

அன்றே ஊருக்கு வெளியே இருந்த தொத்துநோய்க் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். கூட ஒருவர்தான் இருக்கலாம். நான் இருந்தேன். புதன்கிழமை துணி மாற்ற வீட்டுக்கு வந்தபோது முனிசிபாலிட்டி ஆட்கள் வாசலில் பாய், தலையணை, சேலை எல்லாவற்றையும் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தகரப்பெட்டியிலிருந்த நீலக்கட்டத் துணியும் அதில் கிடந்தது. போர்வை மேலாக இருந்தது. மூன்று பக்கம் பட்டி. நாலாவது பக்கத்தில் பட்டியின் வால் தொங்கிக்கொண்டிருந்தது, ஊசியோடு. கோணல் வெட்டு என்பதால் எரியும்போதும் சுருங்காமல் வளைந்தே எரிந்தது.

அதே சந்தில் நின்று மாமியார் என்னைக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு அம்மைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும் மாப்பிள்ளை?"

"வியாழக்கிழமை."

"எந்த வியாழக்கிழமை?"

நான் துணி மாற்ற உள்ளே போனேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை அதிகாலை குழந்தை செத்துப் பிறந்தது. ஆண். ஆயா அதை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அன்று மணி அடிக்காத நாள். கோயில்களில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள்.

அமலா சனிக்கிழமை காலை போனாள். மாமியார் எல்லோரிடமும் சொல்வது, அவள் கடைசியாக 'இயேசு மரி சூசை' என்றாள் என்று. முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடித்த அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. மாமியாரைக் கொட்டகைக்குள் விடவில்லை. உள்ளே இருந்தது நான்தான்.

அப்போது கொட்டகைக்குள் அரையிருட்டு. நாலே முக்கால் இருக்கும் என்று நினைத்தேன், ஆறு ஆகியிருந்தது. அவள் கண் திறக்க முடியவில்லை. கை மட்டும் போர்வை விளிம்பைத் தேடுவதுபோல் படுத்திருந்த பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனது. மூலை வந்ததும் நின்றது. குழந்தை போனது அவளுக்குத் தெரியாது. போர்வை எரிந்தது தெரியாது. ரெங்கம்மாள் செத்துப் பதினோரு நாள் ஆனது தெரியாது. ஏதோ முணுமுணுத்தாள். நான் குனிந்தேன்.

"மிச்சத் துணி பெட்டியில இருக்குங்க. ரெங்கம்மாவுக்குப் பாவாடைக்கு ஆகும். நான் தொட்டது, துவைச்சிட்டுக் குடுங்க."